திரும்பும் குழாய்

கவுண்டர்மேல் அவர் வைத்த ரப்பர்க் குழாய்த் துண்டு ஒரு விரல் நீளம்தான் இருக்கும். வாய் அகன்று, உப்பி, காப்பியில் ஊறிய ரொட்டி ஓரம்போலக் கிடந்தது. எடுத்து அமுக்கினேன். அமுங்கிய இடம் மறுபடி எழும்பவில்லை. மூக்கருகே கொண்டுபோனேன். பெட்ரோல் வாடை குப்பென்று ஏறியது.

"இதே மாதிரி வேணும். இன்னும் கொஞ்சம் நீளமா," என்றார் அவர்.

"இது பிரேக்குக்குப் போடுற ரப்பர். பெட்ரோல் பட்டா ஊதிப்போயிரும். எதுல மாட்டியிருந்தீங்க?"

"காடிலதான். ரேஸ் காடி." காரைத்தான் எங்கள் பக்கம் காடி என்போம். அந்தக் கடைசி இரண்டு சொற்களைச் சொல்லும்போது குரல் இறங்கியது. ஆளுக்கு வெட்கம்.

"ரேஸ்ல யாரு ஓட்டுறது?"

"நான்தான்."

"அப்ப ரொம்ப நாளைக்கு ஓட்ட மாட்டீங்க."

கோபப்படுவார், இல்லை சிரிப்பார் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. துண்டை என்னிடமிருந்து வாங்கித் தானும் ஒருமுறை அமுக்கிப் பார்த்தார். பிறகு, "அப்ப எத போடணும், மிஸ்?" என்றார்.

கடைக்கு வரும் ஆண்கள் வழக்கமாக என் தலைக்கு மேலே பார்த்து, "தவுக்கே இல்லையா?" என்று முதலாளியைத்தான் தேடுவார்கள். எதைப் போடணும் என்று என்னைப் பார்த்துக் கேட்ட முதல் ஆள் அவர். மழை விட்டுக் கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்த காலை நேரம் அது. எண்பதுகளின் தொடக்கம், கெடா மாநிலத்து அலோர் ஸ்டார். அவர் பெயர் குணசேகரன் என்பது பில் எழுதும்போதுதான் தெரிந்தது.

குழாய்க் கடை

அந்தக் கடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெளியே பார்த்தால் சின்னக் கடை. உள்ளே கூரைவரை கறுப்புக் குழாய்ச் சுருள்கள் அடுக்கியிருக்கும். வெயில் ஏற ஏற ரப்பர் வாடை கனத்துப்போகும்.

கெடா வயல்களில் அறுவடை இயந்திரங்கள் பெருகிய காலம். அவற்றின் கைகளைத் தூக்கி இறக்குவது எண்ணெயின் அழுத்தம். அந்த எண்ணெயைச் சுமப்பது எங்கள் குழாய்கள். அறுவடை நேரத்தில் ஒரு குழாய் வெடித்தால் ஒரு வயலே நின்றுபோகும். சேறு காயாத காலோடு வந்து கவுண்டரில் நிற்பார்கள். கோலா கெடாவிலிருந்து படகுக்காரர்களும் வருவார்கள். அவர்கள் போன பிறகும் மீன் வாடை போகாது.

அப்பா ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, கணக்கு எழுதுபவராக, இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா தவறிய பிறகு அண்ணனையும் என்னையும் அழைத்துக்கொண்டு டவுனுக்கு வந்துவிட்டார். கடை முதலாளியான சீனத் தவுக்கே அவருக்கு அறிமுகம். பில் எழுதத்தான் என்னைச் சேர்த்துவிட்டார்.

குழாய் முனையில் இரும்புத் தலையை வைத்து அழுத்திப் பூட்டும் இயந்திரம் ஒன்று உண்டு. அதை ஓட்டியவர் வேலை தேடிச் சிங்கப்பூருக்குப் போய்விட்டார். அறுவடை நெருக்கடி. தவுக்கே மேசையிலிருந்து தலை நிமிர்த்தி என்னைப் பார்த்து, "போலே?" என்றார். முடியுமா என்று கேட்கிறார். "போலே," என்று சொல்லிவிட்டேன். முதலில் பூட்டியவற்றை அறுத்து எறிய வேண்டியிருந்தது. பிறகு கை பழகிவிட்டது.

இந்தத் தொடரைப் படிக்கும் சுங்கைப் பட்டாணி வாசகி ஒருவர், 'டைப்ரைட்டிங் படித்ததாக எழுதினீர்களே, அது என்ன ஆயிற்று?' என்று கேட்டிருக்கிறார். இதுதான் ஆயிற்று. விரல்கள் வேறு வேலைக்குப் போய்விட்டன.

அப்பா ஒருநாள் சாப்பாட்டு மேசையில் என் நகங்களைப் பார்த்தார். "பில் எழுதுற மை இப்பல்லாம் கிரீஸ்லயா வருது?" என்றார். அதற்குமேல் கேட்கவில்லை. அவர் அப்படித்தான். மனத்தில் இருப்பதில் பாதியைக் கிண்டலாகச் சொல்வார், மீதியைச் சொல்லவே மாட்டார்.

அண்ணனின் ஞாயிற்றுக்கிழமைகள்

அளவு தெரியாமல் குழாய் வெட்ட முடியாது என்று குணாவிடம் சொன்னேன். அப்படியென்றால் வந்து பாருங்கள் என்றார். தனியாக வர முடியாது என்றேன்.

"அண்ணன் யாரும் இருக்காங்களா?"

"ஒருத்தர் இருக்காரு."

"அவரையும் கூட்டிட்டு வாங்க. நல்ல கோப்பி வாங்கித் தரேன்."

என் அண்ணன் சவரிமுத்துக்குத் தபால் அலுவலகத்தில் வேலை. கார் என்றால் நான்கு சக்கரம் என்பதுவரை தெரியும். ஞாயிறு மாதா கோவில் பூசை முடிந்து, ஒரு செய்தித்தாளை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, சிறைக்காவலர்போல என்னோடு பஸ் ஏறினார்.

குணாவின் பட்டறை திகாம் பத்துவில், சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே இருந்தது. தகரக் கூரை, ஒரு பக்கம் சுவரே கிடையாது. தோட்டத்து லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும்தான் அவருக்குச் சோறு போட்டன. நடுவே அந்தக் காடி நின்றது. பழைய இரண்டு கதவு வண்டி. இருக்கை ஒன்றும் இல்லாமல், வயிறு காலியாக. ஜப்பானிலிருந்து முன்பாதி மட்டும் வெட்டி வரும் வண்டி ஒன்றிலிருந்து எஞ்சினை எடுத்து இதில் உட்காரவைத்திருந்தார்.

"எதுக்கு ரேஸ்?" என்று அண்ணன் கேட்டார். அது விசாரணைதான்.

குணா கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். "ஊரான் காடியெல்லாம் பொழைக்க வெச்சே வயசு போவுதுண்ணே. ஒண்ணாச்சும் நம்ம காடியா ஓடட்டுமேன்னு."

அண்ணன் மரத்தடியில் போய்ச் செய்தித்தாளை விரித்துக்கொண்டார். அடுத்த ஞாயிறு வரும்போது கறிபாப் பலகாரம் வாங்கிக்கொண்டு வந்தார். அதற்கடுத்த ஞாயிறு காடிக்கு அடியில் டார்ச் பிடித்துக்கொண்டு கிடந்தார். கொஞ்ச நாளில் எனக்கு முன்னால் அவர் சட்டை மாட்டிக்கொண்டு, "பாப்பா, இன்னும் கெளம்பலையா?" என்று வாசலில் நிற்கத் தொடங்கிவிட்டார். யாருக்கு யார் காவல் என்பதே குழம்பிப்போயிற்று.

பெட்ரோல் போகும் வழி

அந்த எஞ்சினில்தான் சிக்கலே. கார்புரேட்டர் உள்ள பழைய எஞ்சின், பெட்ரோலைத் தனக்கு வேண்டிய அளவு தானே உறிஞ்சிக் குடித்துக்கொள்ளும். இது ஊசி போட்டுக்கொள்ளும் எஞ்சின். பின்னால் டேங்கிலிருந்து ஒரு மின்சாரப் பம்பு பெட்ரோலை நல்ல அழுத்தத்தில் முன்னுக்குத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். எஞ்சின் எடுத்தது போக மிஞ்சுவது இன்னொரு குழாய் வழியாக டேங்குக்கே திரும்பும். ஆக, போக ஒரு வழி, வர ஒரு வழி. இரண்டும் ஓட்டுபவர் உட்கார்ந்திருக்கும் இடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும்.

குணா அதற்குச் செம்புக் குழாய் வளைத்து வைத்திருந்தார். வளையல் கடையில் வைக்கலாம், அவ்வளவு அழகு.

"இது வேணாம்," என்றேன்.

"ஏன் மிஸ்? பாக்க எவ்ளோ நல்லாருக்கு."

"பாக்க நல்லாருக்கும். ஆடிக்கிட்டே இருந்தா செம்பு இறுகிப்போயிரும், அப்புறம் ஒருநாள் கீறல் விடும். கோலா கெடா படகுக்காரங்க ஒடஞ்ச துண்ட கொண்டுவந்து காட்டுவாங்க. படகாச்சும் தண்ணிமேல போவுது. நீங்க எதுல போறீங்க?"

அண்ணன் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து சிரித்தது கேட்டது. செம்பு போய் எஃகுக் குழாய் வந்தது.

எல்லாம் நான் சொன்னபடிதான் நடந்தது என்று எண்ண வேண்டாம். பம்பை மேலே வைத்தால் கழற்ற வசதி என்றேன். "பம்பு தள்ளுறதுல கெட்டி, இழுக்குறதுல சோம்பேறி. டேங்குக்குக் கீழ இருந்தாத்தான் பெட்ரோல் தானா எறங்கி வரும்," என்றார். குழாயை வண்டியின் அடிவயிற்றில் கொண்டுபோகலாம் என்றேன். செம்மண் சாலைக் கல் அடித்து நசுங்கிவிடும் என்று உள்பக்கமாக, கதவோரத் தரையில் கொண்டுபோனார். இரும்போடு இரும்பு உரசாமல் ஒவ்வொரு பிடிக்கும் ரப்பர் வைத்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவசரக்காரர்தான். ஆனால் அந்த ரப்பர் வைக்கும்போது மட்டும் குழந்தைக்குக் காது குத்துவதுபோல இருந்தது.

எஞ்சின் ஆடும் இடங்களில் வளையும் குழாய் வேண்டும். எங்கள் எண்ணெய்க் குழாயின் உள்ரப்பர் பெட்ரோலைத் தாங்குமா? தவுக்கேயைக் கேட்டேன். அவருக்கும் நிச்சயமில்லை. ஒரு துண்டை வெட்டி, பெட்ரோல் ஊற்றிய ஜாம் பாட்டிலில் போட்டு, கடைப் பின்கட்டில் வைத்தேன். வேறொரு வகை ரப்பரை இன்னொரு பாட்டிலில். தினமும் எடுத்து அமுக்கிப் பார்ப்பேன். ஒன்று கொழகொழத்துப்போயிற்று. மற்றது போட்ட நாளில் இருந்தபடியே இருந்தது. அதைத்தான் வெட்டினேன். முனைகளைப் பூட்டி, கைப்பம்பில் அழுத்தம் ஏற்றி, மீட்டர் முள் இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டேன். முள் அசையவில்லை.

போகும் வழி முடிந்தது. திரும்பும் வழிக்கு ஒரு இரும்பு முனை குறைந்தது. பினாங்கிலிருந்து வர வேண்டும் என்றார் தவுக்கே.

வாளியில் ஒரு கை

அந்த ஞாயிறு கோவிலில் எனக்குப் பாடற்குழு இருந்தது. அண்ணன் முன்னாலேயே பட்டறைக்குப் போய்விட்டார். நான் தனியாகப் பின்னால் போனேன். பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே ஏதோ கருகிய வாடை.

பட்டறை வாசலில் அண்ணன் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது கை மணிக்கட்டுவரை தண்ணீர் வாளிக்குள் இருந்தது. முகம் சாம்பல் பூத்திருந்தது.

"ஒண்ணும் இல்ல பாப்பா. பயப்படாத," என்றார். அவர் பயப்படாதே என்றால்தான் எனக்குப் பயம் வரும்.

காடியின் முன்பக்கம் கறுத்திருந்தது. நனைந்த கோணிச்சாக்குகள் மேலே கிடந்தன. குணா பக்கத்தில் நின்றார். என்னைப் பார்த்ததும் நேராக வந்தார்.

"திரும்பி வர்ற வழிக்குச் சாதா ரப்பர் ஓஸ மாட்டிட்டேன், கம்பி சுத்தி. அந்த முன வர்ற வரைக்கும் பொறுக்க முடியல. அதுல பிரஷர் இல்லியேன்னு நெனச்சேன். தோட்டத்து ரோட்ல ஒரு சுத்து போனோம். சூட்டுல எளகி, கழண்டு, எக்சாஸ்ட் மேல ஊத்திருச்சு."

"பிரஷர் இல்ல. பெட்ரோல் இருக்குல்ல," என்றேன்.

"இருக்கு," என்றார்.

நடந்ததை அண்ணன்தான் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது சொன்னார். புகை வந்ததும் குணா பம்பை அணைத்துவிட்டு இவரை முதலில் வெளியே தள்ளியிருக்கிறார். இவரோ ஓடாமல், வெறுங்கையால் முன்மூடியைத் தூக்கியிருக்கிறார். சாக்கடையில் சாக்கை நனைத்து இருவருமாகப் போட்டு அமர்த்தியிருக்கிறார்கள். "ஏண்ணே தொட்டீங்க?" என்று கேட்டேன். "நீ போட்ட கொழாயெல்லாம் உள்ள இருந்துச்சே," என்றார்.

அன்று சாயங்காலமே குணா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. அப்பா வெளியே வந்தார்.

"ஐயா, சவரிண்ணே கை வெந்ததுக்கு நான்தான் காரணம். தப்பு என்னோடது. அத சொல்லத்தான் வந்தேன்."

அப்பா அவரை மேலும் கீழும் பார்த்தார். "எந்தத் தோட்டத்துப் புள்ள நீ?"

குணா தோட்டத்தின் பெயரைச் சொன்னார். "அப்பா இல்லீங்க. அம்மா இன்னும் மரம் வெட்டுறாங்க."

கிராணி வீட்டு வாசலில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுப்பவரின் மகன் என்பதும், கழுத்தில் அவர் கட்டியிருந்த முருகன் கயிறும், அப்பாவின் கண்ணில் பட்டதை நான் பார்த்தேன். எனக்குள்ளே எதுவோ இருந்ததும் அவருக்கு அந்த நிமிடம் தெரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். எனக்கே அதற்கு முன் அவ்வளவு தெளிவாகத் தெரியாது.

"இனிமே எம் புள்ளைங்க ரெண்டு பேரும் அங்க வர மாட்டாங்க," என்றார் அப்பா.

"சரிங்கய்யா," என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

கடைக்குப் பின்னால்

அண்ணனின் கைக்கட்டு அவிழாத நாட்கள். தபால் முத்திரையை இடது கையால் குத்திக்கொண்டிருந்தார். ஒருநாள் காலை, கடைக்கு முன்னால் ஒரு லாரி வந்து நின்றது. அதன் முதுகில் அந்தக் காடி. குணா தோளில் குழாய்களை மாலைபோலச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தார். எல்லாவற்றையும் கவுண்டர்மேல் இறக்கினார்.

"எல்லாத்தையும் கழட்டிட்டேன். நீங்க போட்டதையும்."

"நான் போட்டது நல்லாத்தானே இருந்துச்சு."

"தீச்சூடு பட்டிருக்கு. இனிமே அத நம்பக் கூடாது. மொதல்லேருந்து போடலாம். நீங்க சரின்னு சொல்ற வரைக்கும் சாவியத் தொட மாட்டேன்."

நான் தவுக்கேயைப் பார்த்தேன். அவர் லாரியை எட்டிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குணாவைப் பார்த்தார். எதையோ கணக்குப் போட்டு முடித்தவர்போல, "பின்னால சந்துல எறக்கு லா," என்று மலாயில் சொன்னார்.

நாங்கள் அங்கே போகக்கூடாது என்றுதான் அப்பா சொல்லியிருந்தார். இங்கே குணா வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

மத்தியான இடைவேளைகளில், சந்து நிழலில், வேலை நடந்தது. இந்த முறை குணா எதற்கும் அவசரப்படவில்லை. பினாங்கு முனை வந்து சேர்ந்தது. திரும்பும் குழாயை எக்சாஸ்டுக்கு எதிர்ப்பக்கமாக ஒதுக்கிக் கொண்டுபோனோம். நான் கேட்காமலேயே அதற்கும் போகும் குழாய்க்குப் போட்ட அதே கனத்த ரகத்தை எடுத்துக்கொண்டார். அதிகம் பேசவில்லை. ஒருமுறை மட்டும், இருவர் கையும் ஒரே திருகின்மேல் இருந்தபோது, "ஒங்க பேரச் சொல்லிக் கூப்புடலாமா?" என்று கேட்டார். "பில்லுல பாத்திருப்பீங்களே," என்றேன். "பிலோமினா," என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அண்ணனால் எதையும் அடக்கிவைக்க முடியாது. அப்பாவிடம் சொல்லிவிட்டார்.

ஒரு மத்தியானம் சந்து முனையில் குடையோடு அப்பா நின்றார். நான் எழுந்தேன். குணாவும் எழுந்தார். அப்பா எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. நேராகக் காடியிடம் போனார்.

"பெட்ரோல் இருக்கா உள்ள?"

"இருக்குங்கய்யா."

"பம்ப போடு."

குணா என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். பம்பு முனக ஆரம்பித்தது.

அப்பா சட்டைப் பையிலிருந்து தேய்த்து மடித்த வெள்ளைக் கைக்குட்டையை எடுத்தார். டேங்கின் அடியில் முதல் மூட்டைச் சுற்றித் துடைத்தார். முகர்ந்து பார்த்தார். அடுத்த மூட்டு. மறுபடி முகர்ந்தார். கதவைத் திறந்து, குனிந்து, தரையோரக் குழாயைக் கையால் தடவிக்கொண்டே போனார். எஞ்சினருகே வளையும் குழாய்களை ஒவ்வொன்றாக. கடைசியாகத் திரும்பும் குழாயின் முனை. அதை மட்டும் கைக்குட்டையால் பொத்திப் பிடித்தபடி நின்றார். நெற்றியில் வேர்வை ஓடியது. கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்து இழுத்தார்.

பிறகு அதை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"மினா, சாயந்தரம் மழ வரும்போல. சீக்கிரம் வந்துரு," என்றார். குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

குணா சந்து முனையையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னா சொல்லிட்டுப் போறாரு?" என்றார்.

"எனக்கும் தெரியல," என்றேன்.

ஜெராய் அடிவாரம்

பந்தயம் குரூணுக்கு அருகே, ஜெராய் மலைச்சரிவில். ஒரு மோட்டார் சங்கம் சாலையை அடைத்து நடத்தியது. ஒவ்வொரு வண்டியாக ஏற வேண்டும், யார் விரைவாக மேலே போகிறார்களோ அவர்களுக்குக் கோப்பை. கீழே நிற்பவர்களுக்கு முதல் வளைவுவரைதான் தெரியும். அதற்குமேல் சத்தம்தான்.

குணாவின் அம்மா முனியம்மா வந்திருந்தார். மெலிந்த உடம்பு, அகன்ற சிரிப்பு. "நீதான் கொழாய்க்காரப் பொண்ணா?" என்று என் கன்னத்தைத் தொட்டார். அண்ணன் கைக்கட்டோடு எல்லாருக்கும் எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டிருந்தார். அப்பா வருவார் என்று நான் நினைக்கவில்லை. ஒரு டாக்சியில் வந்து இறங்கினார். எங்களிடமிருந்து கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.

கிளம்புவதற்கு முன்பு குணா ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "சரியா?" என்று கேட்டார்.

நான் மறுபடி ஒருமுறை சுற்றி வந்து எல்லா மூட்டுகளையும் தொட்டுப் பார்த்தேன். கை காய்ந்திருந்தது. "சரி," என்றேன். அந்த ஒரு சொல்லைப்போல் கனமான சொல்லை அதற்கு முன் நான் சொன்னதில்லை.

காடி சீறிக்கொண்டு போய் வளைவில் மறைந்தது. பிறகு மரங்களுக்கு மேலே சத்தம் மட்டும். எகிறும், கியர் மாற்றும்போது சற்று இறங்கும், மறுபடி எகிறும். சத்தம் மலையின் மறுபக்கம் போனது, மெலிந்தது, திடீரென்று நின்றுவிட்டது.

மேலே போய்ச் சேர்ந்துவிட்டாரா, இல்லை வழியில் நின்றுவிட்டதா? யாருக்கும் தெரியவில்லை. நான் மரங்களுக்கு மேலே புகை தெரிகிறதா என்று பார்த்தேன். மேகமும் புகையும் ஒரே நிறத்தில் இருந்தன. முனியம்மா, "முருகா, முருகா," என்றார். இன்னொரு பக்கம், மிக அருகில், "அருள் நிறைந்த மரியே" என்று ஒரு குரல் கேட்டது. திரும்பினேன். அப்பா எப்போது வந்து எங்களோடு சேர்ந்து நின்றார் என்று தெரியவில்லை. கண்ணை மூடியிருந்தார்.

நேரம் நகரவே இல்லை.

பிறகு வளைவில் காடி தெரிந்தது. சத்தமே இல்லாமல் வந்தது. எஞ்சினை அணைத்துவிட்டு, சரிவிலேயே உருண்டு வந்துகொண்டிருந்தார். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டார். ஒரு கை சன்னலுக்கு வெளியே தொங்கியது. சிரித்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் கட்டுப் போட்ட கையையும் நல்ல கையையும் சேர்த்துத் தூக்கினார். முனியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அன்று அவருக்குக் கோப்பை எதுவும் கிடைக்கவில்லை. எங்களில் ஒருவருக்கும் அது நினைவிலும் இல்லை.

அப்பா கண்ணைத் திறந்து, இறங்கி வரும் காடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, முனியம்மா பக்கம் திரும்பினார்.

"எறக்கத்துல எஞ்சின நிறுத்திட்டு வரான், பாத்தீங்களா," என்றார். "பெட்ரோல மிச்சம் புடிக்கிறான். குடும்பம் நடத்திருவான்."